தேர் மோருக்குப் போன பியர்ப் பீப்பா

வீட்டில் பியர் காய்ச்சுவதற்காக, இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் ஒரு டேனிஷ்காரரிடம் பழைய ஸ்டீல் பியர்ப் பீப்பா வாங்கி, மேல்பக்கத்தை வெட்டி எடுத்திருந்தேன். இன்று காலை கொதிநீரும் சலவைச் சோடாவும் ஊற்றித் தேய்த்துவிட்டு, டோர்ச்சோடு தலையை உள்ளே விட்டுக் கறை தேடிக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி செய்யிறீர்?"

கோயில் நிர்வாகசபை இரத்தினம் அண்ணை.

"கழுவிப் பாக்கிறன் அண்ணை."

அவரும் குனிந்து மோந்து பார்த்தார்.

"ஒரு மணமும் இல்லை! தேருக்கு மோர் கரைக்க இப்பிடி ஒண்டைத்தான் தேடித் திரியிறம்."

நான் வாய் திறக்கும் முன் குசினி யன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஓம் அண்ணை, கொண்டுபோங்கோ!"

வாங்கிய நாளிலிருந்தே அவளுக்கு அந்தப் பீப்பாவைக் கண்ணில் காட்டக்கூடாது.

அண்ணையின் காரில் அது போய்விட்டது.

தேரன்று மோர் குடிப்பவர்கள், ருசி எப்படி என்று எனக்கு மட்டும் தனியாக எழுதுங்கள்.