வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

படகுத்துறையில் அவரை எல்லோரும் ‘அடைப்பு அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் படகில் கழிவறை அடைத்துக்கொண்டாலும் முதல் ஃபோன் அவருக்குத்தான் வரும். “மேல பார்த்தா மாளிகை, கீழ வந்தா எல்லாருக்கும் ஒரே நாத்தம்தான்” என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிடுவார்.

வீட்டில் மனைவியும் தங்கையும் இருந்தார்கள். கட்டியவன் கைவிட்ட பிறகு தங்கை அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஓட்டல் சமையலறையில் வேலை. நல்ல கைப்பக்குவம். ஆனால் இரண்டே அறை உள்ள வீட்டில், ஒரே அடுப்படியில் இரண்டு பெண்கள் முழங்கை இடிக்காமல் எத்தனை நாள் நிற்க முடியும்? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாத்திரங்கள்தான் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டன.

அப்போதுதான் அந்த நீளமான வெள்ளைப் படகு வந்து நின்றது. வெளிநாட்டுக் கணவனும் மனைவியும், இரண்டே பேர். பல துறைகளில் தங்கிப் பழகியவர்கள், ஊர்ப் பேச்சும் ஓரளவு வந்தது. தங்களோடு ஆறு மாதம் கடலில் வர ஒரு சமையல்காரி வேண்டும் என்று விசாரித்தார்கள். அடைப்பு அண்ணனே போய், “என் தங்கச்சி இருக்கா” என்றார்.

“இதுக்கு முன்னாடி சமையலுக்கு யாராவது இருந்தாங்களா?”

“இல்லை. இதுவரை நாங்களே பார்த்துக்கிட்டோம்” என்றார் படகுக்காரர்.

தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் பெட்டி வாங்கினாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுத்தாள். வீட்டில் அத்தனை அன்பு பொங்கி வெகுநாளாகியிருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் படகுக்காரர் ஃபோன் செய்தார். “வேலைக்காரங்க அறையில கழிவறை அடைச்சிருக்கு. உங்க தங்கச்சி வர்றதுக்குள்ள சரிபண்ணிடுங்க.”

படகின் முன்மூக்கில், குனிந்துதான் நுழைய வேண்டிய அறை. ஒரு படுக்கை, ஒரு வட்ட ஜன்னல். ஜன்னலைத் திறக்கும் கைப்பிடியைக் கழற்றி எடுத்திருந்தார்கள். பம்ப்பைப் பிரித்தார். உள்ளே முடி. சுழலும் தகட்டில் இறுகச் சுற்றிக்கொண்டு, ஒரு கைப்பிடி அளவுக்கு நீளமான கருமுடி. படகுக்காரருக்குத் தலை வழுக்கை. அந்த அம்மாளுக்கு ஒட்ட வெட்டிய நரைமுடி.

‘விருந்தாளி யாராவது வந்திருப்பாங்க’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முடியைக் கழிவுப் பையில் போட்டுக் கட்டினார். வெளியே வந்து கதவைச் சாத்தும்போதுதான் பார்த்தார். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. புதியது, திருகாணிகள் மின்னின. உட்புறம் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

“என்ன பார்க்கிறீங்க?”

படகுக்காரர் பின்னால் நின்றிருந்தார். வெறுங்கால், வந்த சத்தமே கேட்கவில்லை.

“தாழ்ப்பாள் ஏன் சார் வெளியில இருக்கு?”

“அலை அடிச்சா கதவு ஆடும். அதுக்குத்தான்.”

நியாயமான பதில்தான். ஆனால் வெளியேறும் வழியில் இருந்த மற்றக் கதவுகளில் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. அவையும் அதே அலையில்தான் ஆட வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னார். தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நீதானே போய்ப் பேசி முடிச்சே? முடியைப் பார்த்துப் பயந்துட்டியா? உன் பிழைப்பே முடி எடுக்கிறதுதானே, அண்ணா!”

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். சாப்பிடாமல் எழுந்து போனார். அதைப் பார்த்துத்தான் அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். “சரி, நானே நேர்ல கேட்கிறேன்.”

காலையில் பெட்டி இல்லாமல் அண்ணனோடு போனாள். அந்த அம்மாள் மேல்தளத்தில் தனியாக உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். தங்கை சிரித்த முகமாக ஒரு கல்லை விட்டெறிந்து பார்த்தாள். “ஏம்மா, எனக்கு முன்னாடி இருந்த பொண்ணு ஏன் போயிட்டா?”

“அவ தூக்கத்துல நடப்பா” என்றார் அம்மாள், தலை நிமிராமல். “பூட்டி வைக்கலைன்னா கடல்ல விழுந்துடுவா.”

“இப்ப எங்க இருக்கா?”

கத்தி நின்றது. அம்மாள் நிமிர்ந்து இவளைப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்த கணவரைப் பார்த்தார். பிறகு, “ஊருக்குப் போயிட்டா” என்றார்.

“சரிம்மா. நான் போய் பெட்டியை எடுத்துட்டு வந்துடறேன்.”

கரைக்குப் போட்டிருந்த பலகையில் இறங்கும்போது தங்கை அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள். “திரும்பிப் பார்க்காம நட.”

துறை அலுவலகத்து அதிகாரி முதலில் அசட்டையாகத்தான் கேட்டார். “முடிக்கும் தாழ்ப்பாளுக்கும் நான் என்னய்யா பண்றது?” ஆனாலும் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே எழுந்து வந்தார். அதற்குள் படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நகர்ந்திருந்தது. அதிகாரி கைகாட்டி நிறுத்தச் சொன்னார். படகுக்காரர் காதில் விழாதவர் போல, அடைப்பு அண்ணனைப் பார்த்துக் கையசைத்தார்.

“பரவாயில்ல!” என்று கத்தினார், சிரித்துக்கொண்டே. “அடுத்த துறையில வேற ஒருத்தி கிடைப்பா!”

அடைப்பு அண்ணன், முந்தின நாள் பையைப் போட்டிருந்த துறைக் குப்பைத்தொட்டிக்கு ஓடினார். கழிவுப் பையைத் தோண்டியெடுத்து, அப்படியே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். மூக்கைப் பிடித்துக்கொண்டே எழுதி வாங்கினார்கள். அடுத்த துறைக்குத் தகவல் போனது. சொல்லிவிட்டுப் போன அந்தத் துறைக்குப் படகு போகவே இல்லை. அதற்கடுத்த துறைக்கும் வரவில்லை. படகின் பெயரை அழித்து வேறு பெயர் எழுத எவ்வளவு நேரமாகும் என்று காவலர் ஒருவர் கேட்டார். முடி யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

தங்கை பழையபடி ஓட்டல் வேலைக்கே போனாள். அடுப்படி அதே அடுப்படிதான். ஆனால் அண்ணி இப்போது அவள் வரும்வரை சாப்பிடுவதில்லை.

வெளிநாட்டுப் படகு ஏதாவது வந்தால், வேலை முடிந்து தங்கை துறைப் பக்கம் நடப்பாள். அதில் வேலை செய்யும் பெண்களிடம் வலியப் போய்ப் பேச்சுக் கொடுப்பாள். எந்த ஊர், வீட்டுக்குப் பேசினீங்களா, கடைசியா எப்போ பேசினீங்க? பலர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். எப்போதாவது ஒருத்தி வாய் திறக்குமுன் முதலாளியின் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, அப்படியே உள்ளே போய்விடுவாள்.

அன்றைக்கு அண்ணனும் தங்கையும் நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போவார்கள்.