ஒண்ணுல பிடி

அந்த நில அளவை அலுவலகத்தில் டேப்பு இரண்டு. ஒன்று சுவரில் ஆணியில் தொங்கும். மற்றது அதற்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்திருக்கும். வேலை வந்தால் இரண்டையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றுவார்கள். ஆணியில் தொங்கியதை மட்டும் வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைப்பது வழக்கம். துடைத்ததும் முக்காலியில் இருந்த டேப்புதான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது தேர்வு விண்ணப்பத்தில் மட்டும் பயன்பட்டது.

பத்தொன்பது வருடமாக அவர் அளந்தார், முதலாளி கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் முதலாளியிடம் இருந்தது. ஒவ்வொரு வரைபடத்திலும் வலது மூலையில் 'அளந்தவர்' என்று ஒரு கட்டம். அதில் முதலாளியின் கையெழுத்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்த பாம்பு மாதிரி சுகமாக நெளிந்திருக்கும். இறங்கினால் செருப்பில் மண் ஒட்டும் என்பதால் அவர் ஜீப்பை விட்டு இறங்குவதில்லை. மண்ணை அளக்கிற தொழிலில் இது சாதாரண சாதனை இல்லை.

டேப்புக்கு ஆசை ஒன்றே ஒன்று. அந்தக் கட்டத்துக்குள் ஒரு தடவையாவது தன் கையெழுத்து விழ வேண்டும். அதற்கு லைசென்ஸ் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை எழுத்துத் தேர்விலேயே கவிழ்ந்தார். மூன்றாவதுதான் கடைசி. நாற்பத்தைந்து முடிந்தால் விண்ணப்பிக்க முடியாது என்று விதி. அந்த வயதுக்குமேல் மனிதனுக்குக் கண் தெரியாது என்று எந்த மூக்குக்கண்ணாடிக்காரர் எழுதினாரோ. டேப்புக்கு நாற்பத்தைந்து முடிய நான்கு மாதம் இருந்தது.

விண்ணப்பத்தோடு அனுபவச் சான்று வைக்க வேண்டும். முதலாளியிடம் போய் நின்றார்.

"எதுக்குய்யா உனக்கு லைசென்ஸ்? இங்க என்ன குறை?"

"குறையெல்லாம் இல்லீங்க ஐயா. வயசு முடியுது."

"வயசு எல்லாருக்கும்தான் முடியுது." முதலாளி கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "சரி, தரேன். நம்ம மாப்பிள்ளையும் இந்தத் தடவை எழுதுறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவருக்கு நாலு விஷயம் சொல்லிக் குடு."

சான்று வந்தது. 'இவர் என்னிடம் பத்தொன்பது ஆண்டுகள் நாடா பிடித்தார். நேர்மையானவர். நாடாவைத் தொலைத்ததில்லை.' அவ்வளவுதான்.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. கெட்டவராக இருந்திருந்தால் டேப்புக்குத் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும். "அண்ணே, அண்ணே" என்று குழைவார். காலேஜில் படித்தது அத்தனையும் தலையில் இருந்தது. ஆனால் வயலில் வடக்கு எது என்று கேட்டால் செல்போனை எடுப்பார். டேப்பு அவருக்குக் கோணக் கணக்கை, நில எல்லையில் புதைந்த முனைக்கல்லைத் தேடுவதை, பக்கத்து நிலக்காரன் சண்டைக்கு வந்தால் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். மாப்பிள்ளை பதிலுக்கு, டேப்பை இரண்டு முறை கவிழ்த்த செயற்கைக்கோள் பாடத்தை விளக்கினார். கொடுக்கல் வாங்கல் சமமாகத்தான் தெரிந்தது.

விடிகாலையில் சமையலறையில் படிப்பு. மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பாள். பதில் தப்பினால் கத்தியின் சத்தம் பலமாகும்.

"முக்கோணத்துக்குப் பரப்பளவு சொல்லிட்டீங்க. நேத்து இதே கேள்விக்கு வேற சொன்னீங்க."

"நேத்துச் சொன்னது தப்பு."

"இன்னைக்குச் சொன்னது?"

"பாப்போம்."

செய்தித்தாள் ஓரத்தில் அவர் கையெழுத்துப் பழகுவதையும் அவள் பார்த்திருந்தாள். "வீட்டுல கிடக்கிற பேப்பரெல்லாம் நீங்க அளந்ததாத்தான் இருக்கு. இனி அடுத்த வீட்டுல கடன் வாங்கித்தான் பழகணும்" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் மேசையில் கோடு போட்ட புது நோட்டு ஒன்று இருந்தது.

எழுத்துத் தேர்வில் டேப்பு தேறினார். நல்ல மதிப்பெண். செயற்கைக்கோளும் கைவிடவில்லை. மிச்சம் இருந்தது களத்தேர்வு, அதாவது நிலத்தை அளந்து படம் போட்டுக் காட்டுவது. மீனுக்கு நீச்சல் தேர்வு வைத்த மாதிரி என்று அலுவலகத்து டிரைவர் சொன்னான். டேப்பும் அப்படித்தான் நினைத்தார்.

இந்த இடத்தில் ஆணியில் தொங்கிய டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது மீட்டர் இரும்பு நாடா. பதினெட்டு வருடத்துக்கு முன் முனைக்கல் மேல் அது கிடந்தபோது, முதலாளியின் ஜீப் பின்னால் வந்து ஏறி, முதல் மீட்டர் துண்டாகிப் போனது. புதிது வாங்கலாமா என்று டேப்பு கேட்டார். "மிச்சம் இருபத்தொம்பது நல்லாத்தானே இருக்கு. ஒண்ணுல பிடி, ஒண்ணைக் கழி. முடிஞ்சுது" என்றார் முதலாளி. அன்றிலிருந்து மறுமுனையில் நிற்கும் டிரைவரைப் பார்த்து டேப்பு "ஒண்ணுல பிடி" என்று கத்துவார். டிரைவர் நாடாவின் ஒன்று என்ற குறியைக் கல்லில் வைப்பான். இந்த முனையில் இருபத்தைந்து காட்டினால் டேப்பு இருபத்துநான்கு என்று எழுதுவார். வரவர அவர் கழிப்பதுகூட இல்லை. கண் இருபத்தைந்தைப் பார்க்கும், கை இருபத்துநான்கை எழுதும். நடுவில் மூளைக்கு வேலை இல்லை.

முதலாளியின் பாடம் இன்னொன்றும் உண்டு. நான்கு பக்கமும் ஒரு மூலைவிட்டமும் அளந்தால் படம் போட்டுவிடலாம். போட்ட படம் சரியா என்று பார்க்க, இன்னொரு மூலைவிட்டத்தையும் தரையில் அளந்து, படத்தில் வரும் நீளத்தோடு ஒப்பிட வேண்டும். அதுதான் சரிபார்ப்புக் கோடு. "படத்துலயே ஸ்கேலை வச்சுப் பாத்து எழுதிடு. வெயில்ல யார் நடக்கிறது?" என்பார் முதலாளி. நடந்தது என்றைக்கும் டேப்புதான். ஆனால் கால் வலித்தது ஜீப்புக்குள் இருந்தவருக்கு.

களத்தேர்வு அன்று தேர்வுக் கட்டடத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு நிலம், நான்கு முளை, பளபளவென்று புது நாடா, மறுமுனை பிடிக்க ஒரு சிப்பந்தி. நேரம் இரண்டு மணி.

டேப்பு வேட்டைக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். நாடாவை இழுத்துக்கொண்டு போய் அடுத்த முளையில் நின்று, "ஒண்ணுல பிடிங்க" என்று கத்தினார்.

"பிடிச்சாச்சு சார்" என்றார் சிப்பந்தி.

அவர் பிடிக்கவே இல்லை. புது நாடாவின் நுனியில் வளையம் இருந்தது. முளை உச்சியில் ஆணி இருந்தது. வளையத்தை ஆணியில் மாட்டிவிட்டு, காலையிலிருந்து எல்லாருக்கும் சொன்ன பதிலை இவருக்கும் சொன்னார். நாடா பூஜ்யத்தில் நின்றது. டேப்பின் கண் இருபத்தாறைப் பார்த்தது. கை இருபத்தைந்தை எழுதியது. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், மூலைவிட்டம், எல்லாம் அப்படியே. சரிபார்ப்புக் கோட்டுக்கு அவர் எழுந்திருக்கவே இல்லை. படத்தில் ஸ்கேலை வைத்தார், எழுதினார், நாற்பது நிமிடம் மிச்சம் வைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

மாப்பிள்ளை அப்போதுதான் மூன்றாவது பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் மறுமுனைக்கே நடந்து போய், வளையம் ஆணியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். சரிபார்ப்புக் கோட்டை இரண்டு தடவை அளந்தார். மணி அடித்துத்தான் அவரை வெளியே தள்ளினார்கள்.

"அண்ணே, எனக்குக் கை ஓடலண்ணே. புத்தகத்துல இருக்கிறத மட்டும்தான் செஞ்சேன்" என்றார், அழாத குறையாக.

டேப்பு அவர் தோளில் தட்டினார். "பழகப் பழகத்தான் வரும் மாப்பிள்ளை."

வந்தது. மாப்பிள்ளை தேறினார். டேப்பு தேறவில்லை.

விடைத்தாளைப் பார்க்க விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் போனார். சிவப்பு மையில் இரண்டு வரி. 'எல்லா அளவும் சரியாக ஒரு மீட்டர் குறைவு. சரிபார்ப்புக் கோடு தரையோடு ஒத்துப்போகவில்லை, படத்தோடு அச்சாக ஒத்துப்போகிறது. அளக்காமல் எழுதியது.'

விடைத்தாளைக் காட்டிய அதிகாரி நல்ல மனிதர்போல் இருந்தார். "தப்பா அளக்கிறவங்களப் பாத்திருக்கேன். ஆனா எல்லாத்துலயும் அளவெடுத்த மாதிரி ஒரே தப்புப் பண்ண முடியுமா? எப்படிங்க?"

டேப்பு சொல்ல வாயெடுத்தார். உடைந்த நாடா, ஜீப், பதினெட்டு வருடம். சொன்னால் அது கேட்பவருக்குக் கதையாக இருக்கும்.

"கைப்பழக்கம்ங்க" என்றார்.

"களத்துல அனுபவம் இருக்கா?"

"இருக்கு. நாடாவைத் தொலைச்சதில்ல."

வீட்டில் மனைவி கோடு போட்ட நோட்டில் மிச்சம் இருந்த பக்கங்களில் பால் கணக்கு எழுத ஆரம்பித்தாள். அவர் கையெழுத்துப் பழகிய முன்பக்கங்களைக் கிழிக்கவில்லை.

அடுத்த வாரம் அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் முதலாளி பெயருக்குக் கீழே மாப்பிள்ளை பெயர் ஏறியது. அதைக் கொண்டாட முதலாளி ஒரு புது நாடா வாங்கினார். மாப்பிள்ளை அதை இரண்டு கையாலும் நீட்டினார். "இனிமே கழிக்கவே வேணாம்ணே."

முதல் வேலை ஊருக்கு வெளியே ஒரு மனை. முதலாளியும் மாப்பிள்ளையும் ஜீப்புக்குள். டேப்பு டிரைவர் நின்ற முனைக்கு நடந்து போய், பூஜ்யம் கல்லில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். திரும்பி வந்து அளந்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் அப்படியே போய் வந்தார். பிறகு சரிபார்ப்புக் கோட்டைத் தரையில் அளந்தார். ஒருமுறைக்கு இருமுறை. படத்தோடு ஒப்பிட்டார். இம்மி பிசகவில்லை.

ஜீப் ஹாரன் அடித்தது. முதலாளி கண்ணாடியை இறக்கினார்.

"என்னய்யா அரை மணி நேரமா? லைசென்ஸ் வாங்கினவன் மாதிரி அளக்கிற."

டேப்பு வரைபடத் தாளை ஜன்னல் வழியாக நீட்டினார். மாப்பிள்ளை, மடியில் வைத்து, 'அளந்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பழகாத கையெழுத்து. கொஞ்சம் கோணலாக விழுந்தது.

டேப்பு ஜீப்புக்குப் பின்னால் போனார். பின்சக்கரத்துக்கு ஒட்டினாற்போல் ஒரு முனைக்கல் தரையோடு தரையாகக் கிடந்தது. புது நாடாவின் முதல் மீட்டரை இழுத்து அதன்மேல் விட்டார். விரலால் சரி பார்த்தார். ஒன்று என்ற குறி கல்லின் விளிம்பில் வந்தது.

"அண்ணே, டேப்பு சக்கரத்துக்கடியில கிடக்கு" என்றான் வண்டியில் ஏறப்போன டிரைவர்.

"தெரியும். வண்டியப் பின்னால எடு."

டிரைவர் அவர் முகத்தைப் பார்த்தான். எடுத்தான்.

"என்ன சத்தம்?" என்றார் முதலாளி.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றார் டேப்பு, அறுந்து விழுந்த ஒரு மீட்டரைக் குனிந்து எடுத்துக்கொண்டே. "மிச்சம் இருபத்தொம்பது நல்லாத்தான் இருக்கு."