இழைக்கு ஒரு ஸ்தோத்திரம்

தொண்ணூறுகளில் நடந்தது இது. ஞாயிறு பள்ளியில் என் பேத்திக்கு மட்டும் மனப்பாட வசனம் வராது. ஒரு ஞாயிறு, ஐந்து வயதுக் குழந்தை என்றும் பாராமல், "ஆண்டவர் பேரச் சொல்ல வாய் வரலியா உனக்கு?" என்று திட்டிவிட்டேன்.

மறுநாள் ஆரணி வீட்டுத் தறியில், தீர்ந்துபோன பட்டுப் பாவின் நீளவாட்டு இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள் கழிவு நூல்களை முடிச்சுப் போட்டு விளையாடினாள். முடிச்சுக்கு முடிச்சு, "ஏசப்பா, ஸ்தோத்திரம்" என்றாள்.

"யாரு கண்ணு சொல்லிக் குடுத்தது?"

"நீதான் தாத்தா. ஒவ்வொரு இழைக்கும் சொல்லிகினே இருக்கியே!"

என் கை அப்படியே நின்றது. என் அப்பா தறியில் இப்படித்தான் முணுமுணுப்பார். அது என் வாயிலும் இருப்பது அன்றுவரை எனக்கே தெரியாது.

அடுத்த இழையைப் பிடித்தேன். இப்போது எனக்குத்தான் சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் சேர்த்து அவளே சொன்னாள்.