வெண்டைக்காய்ச் சாப்பு

என் பிறப்புப் பத்திரத்தில் ஒரு வெண்டைக்காய்ச் சாப்பு இருக்கிறது. சாப்பு என்றால் எங்கள் ஊரில் முத்திரை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, நீல மையில் தோய்த்து, என் பெயருக்குப் பக்கத்தில் அழுத்திக் குத்தியது. ஐந்து இதழ்ப் பூவாக அப்படியே நிற்கிறது. கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், எடுக்கப் போனபோதும் கல்யாணத்தைப் பதியப் போனபோதும் அதிகாரிகள் அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார்கள். புதுப் பிரதி எடுத்துக்கொள்ளலாமே என்று வீட்டுக்காரர் முதல் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். எடுக்க மாட்டேன்.

போன வாரம் என் மகனின் பாலர் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆசிரியை அவனுடைய பயிற்சிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

“மேடம், தம்பி புக்கைத் தொடவே மாட்டேங்கிறான். நாள் பூரா நாற்காலிய அடுக்கி வச்சிக்கிட்டு கிளினிக் கிளினிக்னு ஒரே விளையாட்டு. இப்படியே போனா ஸ்டாண்டர்ட் ஒன்ல கஷ்டப்படுவான் லா.”

“விளையாடட்டும் டீச்சர்” என்றேன்.

அவருக்கு என் பதில் பிடிக்கவில்லை. எனக்கு அவர் கவலை பிடிக்கவில்லை. நான் வீம்புக்குச் சொல்லவில்லை. என் கையில் ஆதாரம் இருக்கிறது, அதுவும் சாப்புக் குத்திய ஆதாரம்.

அப்போது நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, லோரி ஓட்டுகிறவர். தன் ஆறு வயது மகளோடு எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண்ணைக் கோயிலில் தாலி கட்டி மணந்தவர், அதை அரசாங்கத்தில் பதியவில்லை. மகள் பிறந்தபோதும் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விட்டுவிட்டார். தன் அப்பாவின் காரியத்துக்கு ஊருக்குப் போன அத்தை திரும்பி வரவே இல்லை. மாமாவின் ‘அப்புறம்’ ஒருவழியாக வந்து நின்றபோது மகளுக்குப் பிறப்புப் பத்திரமும் இல்லை, அதற்குக் கையெழுத்துப் போட அம்மாவும் இல்லை. ஜனவரியில் அவள் முதலாம் ஆண்டில் சேர வேண்டும். பத்திரம் இல்லாவிட்டாலும், விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதாக ஒரு கடிதமாவது கொண்டு வாருங்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

மாமா லீவு போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போவார். எண் எடுப்பார், காத்திருப்பார், கவுண்டரில் போய் நிற்பார், ‘தா லெங்காப்’ என்று கேட்டுக்கொண்டு திரும்பி வருவார். ஆவணங்கள் முழுதாக இல்லை என்று அர்த்தம். எது இல்லை, எல்லாமாக என்னென்ன வேண்டும் என்று கேட்கத்தான் அவருக்கு வாய் வராது. நெடுஞ்சாலையில் ஹாரனைப் போட்டு அலறவிடுகிற மனிதர் கவுண்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு “ஓகே புவான், தேரிமா காசே”, சரிங்க மேடம், நன்றி என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள் மாமா மகள். வீட்டில் அதிகம் பேச மாட்டாள். ஆனால் மத்தியானம் அம்மா அசந்த நேரம் இஸ்திரி மேசையை வராந்தாவுக்கு இழுத்து வந்துவிட்டாள் என்றால், அவ்வளவுதான், வேறு ஆளாகிவிடுவாள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு “டிங் டாங், கவுண்டர் தீகா!” என்று மூன்றாம் கவுண்டருக்கு ஆள் கூப்பிடுவாள். நான்தான் பொதுமக்கள். நாள்காட்டித் தாள், ரொட்டி உறை, என் பழைய தேர்வுத்தாள் என்று எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் நிமிர்ந்து பார்க்காமல் புரட்டுவாள். “தா லெங்காப். எசோக் டாத்தாங்.” போதாது, நாளை வா. சில சமயம் ‘ரேஹாட்’ என்று சொல்லி ஓய்வெடுக்கப் போய்விடுவாள். நிஜ அலுவலகத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. அது அவள் சொந்தச் சரக்கு.

நான் மாமா இல்லையே! மேசையை ஓங்கித் தட்டி, எனக்குத் தெரிந்த ஓட்டை மலாயில் கத்துவேன்: “புவான்! ஹரி இனி சக்காப் செமுவா லா! எசோக், எசோக், தா மாவ்!” எல்லாத்தையும் இன்னைக்கே சொல்லு, நாளைக்கு நாளைக்குன்னா வேண்டாம் என்பது அதன் பொருள். அவள் அசைந்து கொடுக்க மாட்டாள். குழம்புக்கு வைத்திருந்த வெண்டைக்காயில் ஒன்று சாப்பாகிக் கையில் தயாராக இருக்கும், ஆனால் ஒருநாளும் குத்த மாட்டாள். எனக்கு ஒரு முறையாவது அதிகாரியாக வேண்டும் என்று ஆசை. கெஞ்சினாலும் அந்தப் பக்கத்தை விட்டுக் கொடுக்கவே மாட்டாள்.

அம்மாவின் காதில் இது விழுந்த அன்று இஸ்திரி மேசை உள்ளே போனது.

“வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? அவன் அங்க போய் அதக் கேட்டுட்டு வரது பத்தாதா? வீட்டுலயும் நாள் பூரா தா லெங்காப், தா லெங்காப்னு. வாய் முகூர்த்தம் பலிச்சிரப் போவுது!”

“விடுக்கா, சின்னப் பசங்க லா” என்றார் மாமா.

“நீ பேசாத. உன்னாலதான் இவ்ளோவும்.”

மாமா வாயை மூடிக்கொண்டார். நாங்கள் மூடிக்கொள்ளவில்லை. கவுண்டர் மாடிப்படிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டோம். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எதைக் கொண்டுபோனாலும் போதாது என்கிறாளே, போதும் என்று சொல்ல வைக்கிறேன் பார் என்று அம்மாவின் இரும்பு அலமாரியைத் திறந்து என் அசல் பிறப்புப் பத்திரத்தையே எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டிமேல் வைத்தேன்.

அன்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதிகாரிக் குரல் போய்விட்டது.

“இது நெசமா?”

“நெசம்தான்.”

“உன் பேரு எங்க இருக்கு?”

காட்டினேன். அப்பா பேரு எங்கே என்றாள், காட்டினேன். அம்மா பேரு எங்கே என்றாள், அதையும் காட்டினேன். அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. விரலால் அந்த மூன்று வரிகளையும் மெதுவாகத் தடவினாள். பிறகு வெண்டைக்காயை மையில் முக்கி, என் பெயருக்குப் பக்கத்தில் பார்த்துக் குத்தினாள்.

“லெங்காப்” என்றாள். முழுசாக இருக்கிறது!

ஜெயித்துவிட்டேன் என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா பாசாரிலிருந்து காய்கறிப் பையோடு படியேறி வந்தார். பையைப் போட்ட வேகத்தில் தக்காளி மூன்றாம் மாடி வரை உருண்டது. எனக்கு விழுந்த அடியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது நியாயமான அடி. அடித்துக்கொண்டே அம்மா சொன்னதுதான் நியாயமில்லை.

“அவளுக்குத்தான் சூரா இல்ல. உனக்கு இருக்கறதையும் நாசம் பண்ணுறியாடி?”

சூரா என்றால் பத்திரம். சொன்ன கையோடு அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். மாமா மகள் அழவில்லை. வெண்டைக்காயைப் பெட்டிமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் அலுவலகத்தில் பிள்ளையையே நேரில் விசாரிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ‘நாமா சாயா’, என் பெயர், என்று தொடங்கும் பதில்களை மாமா அவளுக்கு மனப்பாடம் செய்விக்கப் படாத பாடு பட்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன விளையாட்டால் வந்தது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் அவள் என் கையை விடாததால் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கவுண்டரில் இருந்த அம்மையார் நல்லவராகத்தான் தெரிந்தார். குனிந்து, சிரித்து, பேர் என்ன என்று மலாயில் கேட்டார். பதில் இல்லை. அப்பா பேர் என்ன, வீடு எங்கே என்றார். பதில் இல்லை. மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பிள்ளை பயந்திருக்கிறாள், வேறொரு நாள் வாருங்கள், அதோடு இன்னொரு கடிதமும் குறைகிறது என்றார் அந்த அம்மையார். மாமா “ஓகே புவான்” என்று தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் காதருகே குனிந்து, “டிங் டாங், கவுண்டர் தீகா” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஒரு நொடி பார்த்தாள். பிறகு நுனிக்காலில் எம்பி, கவுண்டரை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

“புவான்! ஹரி இனி சக்காப் செமுவா லா! எசோக், எசோக், தா மாவ்!”

கூடமே திரும்பிப் பார்த்தது. மாமாவுக்கு உயிரே போய்விட்டது. அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். மாமா மகள் கொஞ்சமும் தயங்காமல் என்னைக் கைகாட்டினாள். பேர் என்ன என்று மறுபடி கேட்டபோது தன் பேர், அப்பா பேர், வீட்டு எண், நான்காம் மாடி, லிஃப்ட் ரோசாக், அதாவது லிஃப்ட் கெட்டுப்போயிருப்பது வரை ஒப்பித்தாள். அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இன்னும் வேண்டியது அத்தனையையும் வரிசையாக எழுதி மாமாவிடம் நீட்டினார். ஆறு வரி. இத்தனை மாதமாக மாமா கேட்காமல் விட்ட ஆறு வரி.

அதைப் பிடித்துக்கொண்டு ஓடித்தான் டிசம்பர் கடைசியில் கடிதம் வாங்கினோம். ஜனவரியில் அவள் பள்ளிக்கூடம் போனாள். அசல் பத்திரம் வர இன்னும் வருடங்கள் ஆயின, அது வேறு கதை. இப்போது செமினியில் இருக்கிறாள். தன் மகள் பிறந்த மூன்றாம் நாளே, உடம்பு தேறுமுன், பதிவுக்குப் போய் நின்றவள். அன்று மூன்று நாள் மனப்பாடத்தால் முடியாததைச் செய்து காட்டியது எது என்று அந்த ஆசிரியையிடம் கேட்க வேண்டும் எனக்கு.

எட்டு வயதில் எனக்கு அவள்மேல் ஒரே ஒரு வருத்தம்தான். ஏன் ஒருநாள்கூட என்னை அந்தப் பக்கம் நிற்க விடவில்லை? அதிகாரம் பண்ணப் பிடித்திருக்கிறது, கழுதைக்குத் திமிர் என்று நினைத்துக்கொண்டேன். இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றால் மட்டும்தான் அவளிடம் யாரும் பத்திரம் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியவில்லை.