அண்ணன் சீராகக் கொடுத்த பேட்டரி

குணாளனுக்குக் கருத்து இல்லாத விஷயம் ஒன்று இருக்குமானால் அதை ஜொகூரில் இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. அதிலும் மின்சாரம் என்று வந்துவிட்டால் ஆளைப் பிடித்து நிறுத்த முடியாது. கோயிலில் அன்னதான வரிசையில் நிற்பவர், சாவு வீட்டுப் பந்தலில் ஒதுங்கியவர், காரைக் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் என்று யார் அகப்பட்டாலும் சரி. "நாடே ஒரு கம்பிய நம்பி உக்காந்திருக்குலா. அந்தக் கம்பி யாரு கையில இருக்கோ அவன்தான் மொதலாளி, மத்தவன் எல்லாம் கூலி" என்று ஆரம்பிப்பான். அகப்பட்டவர் தட்டில் சோறு ஆறிப்போகும்.

அவனைக் குறை சொல்லியும் பயனில்லை. காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே ஜெனரேட்டரை எப்போது நிறுத்துவது என்பது கணக்குப்பிள்ளையான கிராணியின் இஷ்டம். பாடத்தில் பாதிப் பக்கம் மிச்சம் இருக்கும்போதே தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்க இருண்டுவிடும். அந்தக் கோபம் இந்த நாற்பத்தெட்டு வயதிலும் அவனுக்கு அடங்கவில்லை. இப்போது கூலாய் பக்கம் ஒரு தரவு மையத்தில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் வேலை.

அந்த வேலையில் சேர்ந்த பிறகு கருத்துகள் இரட்டிப்பாயின. வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், அவற்றைக் குளிரவைக்கத் தண்ணீர், மின்சாரமோ கேட்கவே வேண்டாம். "நம்ம தாமான்ல இருக்குற அத்தன வீடும் ஒரு மாசம் எரிக்கிறத அது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே தின்னு முடிச்சிடுது" என்பான். சொல்வது பெருமையிலா பயத்திலா என்று அவன் மனைவி மலருக்கே பிடிபடாது. செயற்கை நுண்ணறிவு வந்தால் ஏழைக்கும் நல்ல வைத்தியம் கிடைக்கும் என்று காலையில் சொல்வான். அதற்குத் தீனி போட்டே நம் வீட்டுக் குழாய் காய்ந்துவிடும் என்று மாலையில் அதே வாய் சொல்லும். எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பான்: ஒவ்வொரு வீடும் தன் மின்சாரத்தைத் தன் கூரையிலேயே செய்து, தானே சேர்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகவும் போடுவான். ஒவ்வொன்றும் ஸ்கூடாயில் அவன் வீட்டு வாசலில் தொடங்கி வேலையிடம் போய்ச் சேரும்வரை ஓடும். முழுதாகக் கேட்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. போட்ட கையோடு, கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழும்.

பேச்சோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. தரவு மையங்களில் அவசர மின்சாரத்துக்கென்று வைத்திருக்கும் பேட்டரிகளைச் சில வருஷங்களில் கழற்றிவிட்டுப் புதிது போடுவார்கள். கழித்தது பழைய சாமான் கடைக்குப் போகும். அதில் பாதிக்கு மேல் உயிர் இருக்கும் என்பது குணாளனுக்குத் தெரியும். தேடிப் பிடித்து வாங்கினான். சோதித்து, இரும்புப் பெட்டியில் அடுக்கி, சூடு ஏறினால் கத்துகிற சின்ன அலாரமும் வைத்து, தன் வீட்டு வாசலில் ஒரு பெட்டியை மாட்டினான். உரிமம், அனுமதி என்று மலர் கேட்டதற்கு, "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குலா" என்று முடித்துவிட்டான். இரண்டாவது பெட்டியைத் தங்கைக்குக் கொடுத்தான்.

அதையும் சும்மா கொடுக்கவில்லை, சீராகக் கொடுத்தான். தங்கை புவனேஸ்வரியும் மாப்பிள்ளை தங்கராஜுவும் பொந்தியானில் மாடி வீடு வாங்கிப் புதுமனை புகுந்தபோது, தாய் வீட்டுச் சீராகக் குத்துவிளக்கு எடுக்கலாம் என்று மலர் சொன்னாள். "வெளக்கு வெளிச்சம் தருமா, இது தருமா?" என்று குணாளன் மடக்கினான். பழத்தட்டும் பூத்தட்டும் முன்னே போக, பேட்டரிப் பெட்டி சிவப்புப் பட்டுத்துணி போர்த்தி, குங்குமப் பொட்டு வைத்து, தள்ளுவண்டியில் வந்தது. குருக்கள் கொஞ்சம் தயங்கிவிட்டு அதற்கும் கற்பூரம் காட்டினார். வெளியே வைத்தால் திருடன் செம்புக் கம்பிக்காகவே தூக்கிவிடுவான் என்று, படிக்கட்டுக்குக் கீழே இருந்த சின்ன ஸ்டோரில் குணாளனே பொருத்தி, கூரையில் பதித்த சூரிய மின்தகடுகளோடு இணைத்தான். அந்த ஸ்டோர் சுவருக்கு மறுபக்கம்தான் தங்கராஜுவின் அம்மா கிருஷ்ணம்மாவின் அறை. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வாக்கரைப் பிடித்துத்தான் அவர் நடப்பார், மாடி ஏற முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்குச் சற்று முன்பு, குணாளன் தன் வீட்டுப் பெட்டியைத் தூசி தட்டலாம் என்று திறந்தான். நடுவில் இருந்த பேட்டரி ஒன்று எண்ணெயில் போட்ட அப்பளம்போல உப்பிக்கிடந்தது. கையை அருகில் கொண்டுபோனான், சுட்டது. அலறிப் புடைத்து எல்லாவற்றையும் துண்டித்து, பெட்டியைத் தரதரவென்று புல்தரைக்கு இழுத்துவந்து போட்டான். அப்புறம்தான் தங்கை வீட்டுப் பெட்டி நினைவுக்கு வந்தது. பொந்தியானில் இருப்பதும் இதே கடையில், இதே நாளில் வாங்கிய பேட்டரிகள். இங்கேயாவது காற்று வரும். அங்கே ஜன்னலே இல்லாத ஸ்டோர். வெயில் வேறு கொளுத்துகிறது, கூரைத் தகடுகள் முழு மூச்சாக அதற்குள் மின்சாரத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்.

புவனேஸ்வரிக்குப் போன் அடித்தான். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். தங்கராஜு துறைமுகத்தில் வேலையில் இருந்தான், அங்கே போனைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். குரல் பதிவு அனுப்பினான். "புவனா, பெட்டிய உடனே நிறுத்து, தீப்பிடிக்கும்" என்று குடும்பக் குழுவிலும் கத்தினான். பதில் உடனே வந்தது. பத்துகாஜாவில் இருக்கும் சித்தப்பா கைகூப்பியிருந்தார். யாரோ "சூப்பர் அண்ணே" என்று போட்டிருந்தார்கள்.

"போம்பாவுக்கு அடிங்க" என்றாள் மலர், காரில் ஏறியதும்.

"அடிச்சு என்னான்னு சொல்றது? பொகை வருதா, நெருப்பு வருதா? யாரு மாட்டுனது, லைசென்ஸ் எங்கன்னு கேப்பானுங்க. நாமே போயிரலாம்."

போம்பா என்றால் தீயணைப்புப் படை. மாலையும் மரியாதையுமாகக் கொண்டுபோய் வைத்த சீரை அவர்கள் சீருடையில் வந்து ஊர் பார்க்கக் கழற்றுவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த நேரத்திலும் மானம் பெரிதாக இருந்தது அவனுக்கு. அதை நினைத்தால் எனக்கே எரிச்சல்தான் வருகிறது. காரை விரட்டினான். கிருஷ்ணம்மா சாப்பிட்டுவிட்டு இந்த நேரத்துக்குத்தான் படுப்பார், அதுவும் சுவர்ப்பக்கம் தலைவைத்து. ஸ்டோரைத் தாண்டித்தான் வாசலுக்கு வரவேண்டும். புகை வந்தால் வாக்கரைத் தேடி எடுத்து, ஒவ்வொரு அடியாக... அதற்குமேல் நினைக்கப் பயந்து ஹாரனை அடித்தான். முன்னால் அன்னாசி ஏற்றிப்போன லாரி வழிவிடவில்லை.

பெக்கான் நானாஸ் தாண்டும்போது மலர், "இருங்க, என் போன்ல அடிச்சுப் பாக்குறேன்" என்றாள்.

முதல் மணியிலேயே எடுத்தாள் புவனேஸ்வரி. "சொல்லுங்க அண்ணி!"

குணாளனுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை. "புவனா, ஏன் போன எடுக்கல?" என்று கத்தினான்.

"அண்ணே, நீயா? கறி அடுப்புல இருந்துச்சு. ஒன் போன எடுத்தா லேசுல வைக்க மாட்டியேன்னு..."

"பெட்டி! பெட்டிய நிறுத்து! அது சூடாயிருக்கா பாரு."

"அது சூடுதானே எப்பவும்? அதான் மத்தியானம் ஆனா கத்துது. அத்தை தூக்கம் கெடுமேன்னு பழைய சேலை ரெண்ட மடிச்சு மேல போட்டு மூடிட்டேன்."

"அலமாக்!" என்று அலறினாள் மலர்.

பேட்டரி சூடாகிக் கத்தியிருக்கிறது. அதன்மேல் சேலையைப் போர்த்திவைத்திருக்கிறார்கள். குணாளன் போன் பக்கம் சாய்ந்தான். "எத்தன நாளா கத்துது?"

"கொஞ்ச வாரமா."

"மொதல்ல அத்தைய வெளிய கொண்டுவா. சேலையத் தொடாத. பெட்டிக்கே போகாத. அத்தைய எழுப்பு, இப்பவே!"

"செவப்புக் கைப்பிடின்னு ஏதோ சொன்னியே, அதையா அண்ணே இழுக்கணும்? பாட்டரியப் பத்தி எவ்வளவோ சொன்ன, அது மட்டும்..." அத்தோடு சத்தம் நின்றது. சாலையின் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். சிக்னல் இல்லை. மலர் திரும்பத் திரும்ப அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"அங்க கத்தியிருக்கு," என்றான் குணாளன், தனக்குத்தானே பேசுவதுபோல. "அலாரம் வேலை செய்யுது. அப்ப நம்ம வீட்ல ஏன் கத்தல?"

மலர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கத்துச்சுங்க."

"என்னது?"

"நீங்க வேலைக்குப் போன நேரத்துல கத்துச்சு. அந்தச் சின்ன வயரப் புடுங்கிவுட்டேன்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? எனக்கு ஒண்ணும் வெளங்கலன்னு மொதல்லேர்ந்து ஆரம்பிப்பீங்க. எனக்கு முடியலங்க." அவள் அழுதுகொண்டே சொன்னாள். குணாளன் ஒரு வார்த்தையும் பேசாமல் ஓட்டினான். அவனோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அவன் இப்படி வாயை மூடி ஓட்டியதை மலர் பார்த்ததில்லை.

பொந்தியானில் அந்தத் தெருவுக்குள் திரும்பியபோது, புகை தெரிகிறதா என்று வானத்தைப் பார்க்கவே அவனுக்குத் துணிவு வரவில்லை. மலர்தான் பார்த்தாள். "இல்லங்க, இல்ல" என்றாள். எதிர்வீட்டு ரம்புத்தான் மர நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில், தலைமுடி கலைந்து, காலில் செருப்பில்லாமல் கிருஷ்ணம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புவனேஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரையும் முழுசாகப் பார்த்த பிறகே குணாளன் காரை நிறுத்தினான். காரிலிருந்த கையுறையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

கையுறை போட்டுக்கொண்டு கூரை இணைப்பைத் துண்டித்தான். சிவப்புக் கைப்பிடியை இழுத்தான். சேலையை எடுத்தபோது அடிமடிப்பு பழுப்பேறி, இஸ்திரிப் பெட்டி தீய்த்த வாடை அடித்தது. சுவரிலும் சூடு இருந்தது. பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வீட்டை விட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வெறுந்தரையில் இறக்கினான். உள்ளே பாதிப் பேட்டரிகள் உப்பியிருந்தன.

மரத்தடிக்கு வந்ததும் தங்கையிடம் கேட்டான். "கத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, புவனா?"

"எப்படிண்ணே சொல்லுவேன்? தாய் வீட்டுச் சீரு. அத்தைக்கு முன்னால நானே அதக் கொறை சொன்னா நல்லாவா இருக்கும்?"

கிருஷ்ணம்மா தலையை ஆட்டினார். "நானும் அதான் நெனச்சேன் தம்பி. சம்பந்தி வீட்டுச் சீரு, மாமியாக்காரி வாயத் தொறந்தா மருமவ மனசு நொந்துபோவும். போவட்டும்னு தலமாட்ட மறுபக்கம் மாத்திக்கிட்டுப் படுத்துக்குவேன். தம்பி வேற படிச்சவரு, பெரிய எடத்துல வேலை, தெரியாமலா வச்சிருப்பாருன்னு."

அவர் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அதனாலேயே குணாளனுக்குத் தாங்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. பேட்டரி ஏன் உப்புகிறது, சூடு எப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்றெல்லாம் சொல்ல வாய் வழக்கம்போலத் திறந்தது. உடனே மூன்று பெண்களின் முகமும் ஒரே மாதிரி மாறியது. பணிவாக, பொறுமையாக, இமைகூட அசையாமல். இத்தனை நாளும் எல்லாரும் தன்னைக் கவனித்துக் கேட்கும் முகம் என்று அவன் நம்பியிருந்த முகம் அதுதான். வாயை மூடிக்கொண்டான்.

"இடுப்பு வலிக்குது தம்பி," என்றார் கிருஷ்ணம்மா. "இனிமே உள்ள போயிப் படுக்கலாந்தானே? ஒண்ணும் ஆவாதில்ல?"

பெட்டியைத்தான் வெளியே எடுத்தாகிவிட்டது. ஆனால் அந்தச் சுவர்? அதற்குள் அவன் ஓட்டிய வயர்கள்? வெறுந்தரையில் கிடக்கும் அந்த உப்பிய பேட்டரிகள் இன்னும் எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்? ஆவாது அம்மா, தைரியமாகப் போய்ப் படுங்க என்று சொல்லிவிடலாம். அவன் சொன்னால் இன்றைக்கும் அவர் நம்பிவிடுவார். அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"தெரியலம்மா," என்றான். "எனக்குத் தெரியல. கொஞ்ச நேரம் இங்கயே இருங்க."

போனை எடுத்துப் போம்பாவுக்கு அடித்தான். மறுமுனையில் ஒரு பெண் குரல் மலாய் மொழியில் பேசியது. முகவரி கேட்டது, சொன்னான். வீட்டுக்குள் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டது, இல்லை என்றான். பேட்டரியைப் பொருத்தியது யார் என்று கேட்டது.

தங்கையும் மனைவியும் கிருஷ்ணம்மாவும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான்," என்றான் குணாளன். பெயரைக் கேட்டார்கள், அதையும் முழுசாகச் சொன்னான்.