நான் நீக்கிய ஐந்து பேர்

ஐந்து மனிதர்களை நான் அழித்தேன். கணினியில்தான்... ஆனாலும் அழித்தேன்!

ஜார்ஜ்டவுனில் ஒரு நீரிழிவு கிளினிக். அதன் ஒரு நாளை அப்படியே கணினிக்குள் ஓடவிட்டு, காத்திருப்பைக் குறைக்க வழி காண்பது என் வேலை. லிட்டில் இந்தியாவில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் பளிச்சென்று தோன்றியது: நோயாளிகளைப் புள்ளிகளாக்கிவிட்டால் வரிசையே நம் கையில்! எப்படித் துள்ளினேன் தெரியுமா?

செவ்வாய்தோறும் ஐந்து பேர் சேர்ந்தே வந்தார்கள். மருத்துவரைப் பார்த்து முடித்தவர்களும் கிளம்பவில்லை. ஐவரும் முடித்த பிறகே எழுந்தார்கள். பாலத்துக்கு அப்பால் தாசேக் கெலுகோரிலிருந்து ஒரே வேனில் வந்து, மதியம் அதிலேயே திரும்புகிறவர்கள். விசாரித்தே அறிந்தேன். ஆனால் புள்ளிகள் தனித்தனியாக வந்தால்தானே நான் கட்டிய கணினி மாதிரி அழகாக ஓடும்? 'பதிவுப் பிழை' என்று எழுதி, அந்த ஐவரையும் மாதிரியிலிருந்து நீக்கினேன்.

எல்லோரும் தனித்தனியாகவே வருவார்கள் என்ற அந்தக் கணக்கின்படி கிளினிக்குக்குப் புதிய அட்டவணை வந்தது. ஐவருக்கும் ஐந்து வெவ்வேறு நேரம். அவர்களில் ஒருவரான லெட்சுமி அக்காவுக்குப் பிற்பகல் மூன்று மணி. வேனோ மதியமே திரும்பிவிடும். இரண்டு முறை மருத்துவரைப் பாராமலே போனார். மூன்றாம் முறை காலில் புண்ணோடு வந்தார். ஒரு விரலை எடுத்தார்கள்.

பதிவு முகப்பில் இருக்கும் மேரி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னா தம்பி, உன் கம்ப்யூட்டருக்கு வேன் தெரியாதா? மத்தியானம் போயிரும்லா!"

"எனக்குத் தெரியாதேக்கா..."

பொய்! கேட்டீர்களா? அன்று சொன்ன பொய் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

"பாவம், உனக்கு எப்படித் தெரியும்? உக்காரு, சொல்றேன்" என்றார். யார் யாருக்காகக் காத்திருப்பார், தைப்பூச விரதத்தில் யார் ஊசியை நிறுத்துவார், கூப்பிடும்போது யார் தேநீர் குடிக்கப் போயிருப்பார்... எந்தப் புத்தகமும் கற்றுத்தராததை அந்த முகப்பில் கற்றேன். அவருக்கு எப்படி நன்றி சொல்வது? அந்த நன்றியின் அடியிலும் என் பொய்தானே கிடக்கிறது?

இப்போது ஐவருக்கும் காலையிலேயே அடுத்தடுத்த நேரம். லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு விரல்தானே போச்சு, மீதி ஒம்பது இருக்குலா! நீதான் டைம மாத்திக் குடுத்தியாம். நல்லா இருக்கணும் தம்பி."

வாழ்த்தினார்... என்னை!

வரும் செவ்வாய் அந்த வேனில் நானும் ஏறுகிறேன். இனி என் மாதிரியில் முதலில் வேன், பிறகுதான் ஆட்கள். லெட்சுமி அக்காவின் பக்கத்தில் இடம் கிடைத்தால், பாலத்தைக் கடப்பதற்குள் ஒன்றைச் சொல்லிவிட முயல்வேன்:

"எனக்கு அப்பவே தெரியும்க்கா."