டிரைவர் அண்ணனின் வலது கால்

அரியக்குடியைத் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. பின்னால் வந்த முதல் பஸ், முந்தின நாள் வரை நான் கிளீனராக இருந்த பஸ். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறிக்கடா, மொதலாளிக்குத் தெரியவா போகுது?" என்று கத்தினார். போகச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டு நடந்தேன். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை கோர்ட்டுக்கு நாலு மணி நேர நடை. அன்று எனக்குச் சாட்சி சொல்லும் நாள். முந்தின மாலை ஷெட்டில் முதலாளி, "கோர்ட்டுப் படி ஏறுனா என் பஸ்ஸு படி ஏறாதே" என்றிருந்தார். வழக்கில் மாட்டியிருந்த டாக்டர் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி. ஏறாதே என்றவருடைய பஸ்ஸில் எதற்கு ஏற வேண்டும்? கால் இருக்கிறது, நடந்தேன்.

கால் போனவர் எங்கள் டிரைவர் அண்ணன். பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடிக் கூட்டத்துக்குள் ஒரு காவடி மேலும் உரசாமல் பஸ்ஸை ஊர்ந்து கொண்டுபோவார். "பிரேக்கு வண்டியில இல்லடா, என் வலது காலுல இருக்கு" என்பார். அறுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. நான்தான் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் இல்லை, கண்டரமாணிக்கத்தில் ஒரு அறுபது வயதுச் சாந்திக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் மாத்திரை தந்து, நாளைக்கு வாருங்கள் என்றார். நாங்கள் கேட்கவில்லை. ஊசி போடாத வைத்தியத்தை வைத்தியம் என்று எங்களில் யாரும் ஒத்துக்கொண்டதில்லை. "குத்தி விடுங்கய்யா, காலையில வண்டி எடுக்கணும்" என்றார் அண்ணன். அந்த அவசரம் எங்கள் தப்பு. அதை மறைக்க மாட்டேன்.

கம்பவுண்டர் இடுப்புக்குக் கீழே குத்தினார். மருந்து இறங்கத் தொடங்கியதும் அண்ணன், "யய்யா, கால் நெடுக கரண்ட் அடிக்குது, எடுங்க எடுங்க" என்று அலறினார். "இம்புட்டு மீசைய வச்சுக்கிட்டு ஒரு ஊசிக்கு இந்தக் கத்தா கத்துறீக?" என்று கம்பவுண்டர் சிரித்துக்கொண்டே, மிச்ச மருந்தையும் ஏற்றிவிட்டுத்தான் ஊசியை எடுத்தார். மேசையிலிருந்து அண்ணன் இறங்கியபோது வலது பாதம் தரையில் பாவவில்லை. அறுந்த செருப்புபோலத் தொங்கியது.

நாலு நாளில் காய்ச்சல் போய்விட்டது. பாதமும் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதை நம்பி, அண்ணன் சம்சாரம், எங்கள் மதினி, வழக்கப்படி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு பழம் வைத்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கும்பிட்டு வந்தது. காய்ச்சல் இறக்கிய கைக்குச் செய்கிற மரியாதை அது. மூன்று மாதமாகியும் பாதம் நிமிரவில்லை. அதன் பிறகு டாக்டர், "நரம்புக் கோளாறு, உன் உடம்பு வாகு அப்படி" என்று முடித்துக்கொண்டார்.

அண்ணன் முடித்துக்கொள்ளவில்லை. காலை இழுத்துக்கொண்டே ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் போய்ப் பிடித்தார். கூடப் போயிருந்த எனக்கு அன்று கேட்டது இன்றும் மறக்கவில்லை. "நோவு தீரலைன்னு கேஸு போட முடியாது பாத்துக்கங்க. ஒழுங்காப் பாத்தும் தீராமப் போகும், அது டாக்டர் குத்தமில்ல. பாக்க வேண்டிய முறையில பாத்தாகளா? அதான் கேள்வி. கத்துனப்பறமும் ஊசிய எடுக்கலைல்ல, அதைப் பிடிங்க" என்றார். உள்ள வழிகளையும் அவரே சொன்னார்: போலீசில் புகார் கொடுக்கலாம், அதை நிரூபிப்பது பெரும்பாடு. மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம், அவர்கள் டாக்டரைத்தான் தண்டிப்பார்கள், காலுக்கு ஈடு கிடைக்காது. ஈடு வேண்டுமானால் சிவில் கோர்ட். கோர்ட்டுக் கட்டணத்துக்கு வழியில்லாதவன் ஏழை என்று மனுப்போட்டு வழக்காடலாம். ஆனால் கெடு தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள். "கம்பவுண்டர் செஞ்சதுக்கு டாக்டர் பொறுப்பா?" என்று அண்ணன் கேட்டார். "நீங்க பஸ்ஸ மோதுனா மொதலாளி மேலயும்தானே கேஸு வரும்?" என்றார் குமாஸ்தா. அண்ணனுக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது.

அன்று நடந்தே கோர்ட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கூண்டில் நின்றுகொண்டிருந்தார். சாட்சி உள்ளே போகக் கூடாது. ஆனால் எதிர்வக்கீலின் குரல் வராண்டாவைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் கேட்டது. "காலைக் கெடுத்தவருக்குத்தான் தாம்பாளத்துல பழம் வச்சுக் குடுத்தீகளோ?" என்றார். உள்ளே சிரிப்பு எழுந்தது. மதினி என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டது. அண்ணன் குரல் நிதானமாக வந்தது: "ஆமாங்கய்யா. காச்சலை எறக்குனதுக்குப் பழம் குடுத்தோம். காலை எடுத்ததுக்குக் கேஸு குடுத்திருக்கோம். ரெண்டையும் நாங்கதான் குடுத்தோம்." சிரிப்பு நின்றது. மதினி தலையை நிமிர்த்தியது.

அடுத்தது என் முறை. ஆனால் எதிர்வக்கீல் வாய்தா கேட்டு வாங்கிவிட்டார். இரண்டு மாதம் தள்ளிப்போனது. வெளியே வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இவனா சாட்சி? அடுத்த வாய்தாவுக்கு எந்த ஊருல இருப்பானோ!" என்று தம் குமாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டே போனார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆறாம் வகுப்போடு ஊரை விட்டுக் கிளம்பியவன் நான். ஓட்டல், உப்பளம், ரைஸ்மில் என்று எங்கேயும் ஒரு வருஷம் தங்கியதில்லை. அவர்கள் நம்பியிருந்ததே அதைத்தான். ஊசி போட்டபோது அந்த அறையில் இருந்த மூன்றாவது ஆள் நான் ஒருவன்தான். எங்கள் குமாஸ்தாவும், "சம்மன் அனுப்ப ஒரு விலாசம் வேணுமே தம்பி" என்று கவலைப்பட்டார். அண்ணன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது நுகர்வோர் மன்றம் இருக்கிறது, கேட்டால் சிகிச்சைத் தாள்களின் நகல் தர வேண்டும் என்கிறார்கள். அன்று அவருக்கிருந்த தாள் நான்தான். நாலு வாய்தா இழுத்தார்கள். ஐந்தாவதில் கூண்டேறி, "எடுங்க எடுங்க" என்று அவர் கத்தியதைக் கத்தியபடியே சொன்னேன். கேட்டதில் பாதிதான் தீர்ப்பானது. ஆனாலும் கம்பவுண்டரின் கவனக்குறைவுக்கு டாக்டரே பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரியை மட்டும் என்னை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் அண்ணன்.

அதற்கெல்லாம் முன்னால், முதல் வாய்தா வாங்கிய மறுநாள் காலை, தேவகோட்டைக்கு வெளியே இருந்த ஒரு செங்கல் காளவாசலுக்குப் போய் வேலை கேட்டேன். மேஸ்திரி என் துணி மூட்டையைப் பார்த்தார். "எத்தனை நாளைக்கு இருப்பே?"

"கேஸு முடியிற வரைக்கும்."

"உன் மேல கேஸா?"

"இல்லைங்க, நான் சாட்சி. இந்த விலாசத்துக்குச் சம்மன் வரும், வாங்கி வைங்க."

அவர் சிரித்துவிட்டு மண் மிதிக்கிற வேலைக்குப் போகச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன்.